கடை அடைத்தபின் இரண்டு நிமிடம்



இரவில் நாம் கடை அடைக்கும் முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வெளியில் வைத்த மூட்டைகளை உள்ளே எடுத்து வைக்கிறோம். கல்லாவை எண்ணிச் சரிபார்க்கிறோம். கடன் கொடுத்ததை நோட்டில் ஏற்றுகிறோம். எலி புகாதபடி பருப்பு மூட்டையின் வாயைக் கட்டுகிறோம். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்க்கிறோம். பிறகு வீட்டுக்குப் போய், பத்தரை மணிக்குச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் படுத்து விடுகிறோம். மூட்டையின் வாயைக் கட்டத் தெரிந்த நமக்கு, நம் வாயைக் கவனிக்க மட்டும் நேரம் இருப்பதில்லை.

நான் டாக்டர் அல்ல. கீரப்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். பல் விஷயத்தில் நான் பட்ட அனுபவம் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எனக்கு மூன்று ஆண்டுகளாகப் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. வலி இல்லை. ஆகவே பிரஷ் முரடாக இருக்கிறது என்று நினைத்து, அதை விட்டுவிட்டு விரலால் பொடி தேய்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் மாலை கடலை உருண்டையைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று அசைந்தது. ஒரு மாதத்தில் பக்கத்துப் பல்லும் ஆடியது. பல் மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என் பல்லைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா?" என்பதுதான். பார்த்ததில்லை. அன்று பார்த்தபோது நிறையவே இருந்தது. இரண்டு பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. "இரத்தம் வந்தபோதே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்றார். அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னவையும், பிறகு நான் கேட்டும் படித்தும் அறிந்தவையும் கீழே வருகின்றன.

பல் சொத்தை வரும் விதம்

பல்லின்மேல் எந்நேரமும் வழவழப்பான ஒரு படலம் படிந்துகொண்டே இருக்கிறது. அதில் கணக்கற்ற கிருமிகள் வாழ்கின்றன. நாம் இனிப்பைச் சாப்பிட்டால் அந்தக் கிருமிகளும் சாப்பிட்டு அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. நம் உமிழ்நீரோ அந்த அமிலத்தை முறித்து, கரைந்த சத்தை மெல்ல மெல்லத் திரும்பச் சேர்க்கிறது. இதற்கு அரைமணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இது நமக்குத் தெரிந்த பற்று வரவுதான். பற்று அதிகமாகி வரவு குறைந்தால் பல்லில் ஓட்டை விழுகிறது. எனவே எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட, எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம். சுவீடன் நாட்டில் விபேஹோல்ம் என்ற மருத்துவமனையில் செய்த ஓர் ஆய்வின் முடிவு 1954-இல் வெளியாயிற்று. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புக் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாக அதிகரிக்கவில்லை. இடையிடையே ஒட்டும் மிட்டாய் கொடுக்கப்பட்டவர்களுக்கோ மிக அதிகமாயிற்று. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அது காட்டிய உண்மை நமக்கு ஒரு பாடம்.

நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடியற்காலை கடை திறந்ததும் ஒரு டீ. லோடு வந்தால் ஒரு டீ. கம்பெனி ஆள் வந்தால் அவருக்காக ஒன்று. மதியத்துக்குமுன் ஒன்று, மாலையில் இரண்டு. ஆறு தடவை சர்க்கரை போட்ட டீ குடித்தால், ஒவ்வொன்றுக்கும் அரைமணி என்று வைத்தாலும் மூன்று மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது. இதற்கு நடுவே வெல்லம் பதமா என்று ஒரு துண்டு, கல்கண்டு ஒன்று, பேரீச்சம்பழம் ஒன்று என்று வாயில் போட்டுக்கொள்வது தனிக்கணக்கு.

இரவில் நிலைமை இன்னும் மோசம். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்து விடுகிறது. அதாவது, காவல்காரன் இல்லாத நேரம் அது. சாப்பிட்ட மிச்சத்தோடு படுத்தால், விடிய விடியக் கிருமிகளுக்குத்தான் வியாபாரம். காலையில் துலக்குவதைவிட இரவில் துலக்குவது முக்கியம் என்று பல் டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஈறு நோய்: சத்தமில்லாத நஷ்டம்

சொத்தைப் பல் வலியால் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். ஈறு நோய் அப்படிச் சொல்லாது. அதனால்தான் அது அதிக ஆபத்தானது.

ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் படலத்தை அகற்றாமல் விட்டால், ஈறு சிவந்து வீங்குகிறது; தொட்டால் இரத்தம் வருகிறது. இந்தக் கட்டத்தில் ஒழுங்காகத் துலக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் அந்தப் படலம் கெட்டியாகிக் காரையாக மாறும். செப்புக் குடத்தின் அடியில் உப்புத் தண்ணீர் படிந்து இறுகுவது போன்றது அது. காரை கட்டிய பிறகு பிரஷுக்கு அசையாது. டாக்டர்தான் கருவி கொண்டு எடுக்க வேண்டும். அதையும் செய்யாமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே சிறிது சிறிதாகக் கரைகிறது. வெள்ளாற்றில் வெள்ளம் வந்து கரை மண்ணை அரித்தபின், வேர் தெரிய நிற்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆடும் பல்லின் நிலை அதுதான். மரத்தில் குற்றமில்லை, பிடித்து நின்ற மண் போய்விட்டது. போன எலும்பு தானாக வளர்வதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும், வேகமாகவும் முற்றும். அதேபோல், ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. ஒன்றுக்கொன்று துணை. நாள் முழுவதும் உட்கார்ந்தே வியாபாரம் செய்து, நேரந்தவறிச் சாப்பிடும் நம்மவர்களில் சர்க்கரைக்காரர் இல்லாத கடைத்தெரு உண்டா? ஆகவே ஈறில் இரத்தம் வந்தால் பல்லையும் காட்டுங்கள், சர்க்கரையையும் பாருங்கள்.

நம் தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கங்கள்

சணலைப் பல்லால் கடித்து அறுப்பது, பிளாஸ்டிக் பையைப் பல்லால் கிழிப்பது, சோடா மூடியைக் கடைவாயில் வைத்துத் திறப்பது இவை நம் கடைகளில் தினமும் நடப்பவை. இப்படிச் செய்வதால் பல்லின் ஓரம் மெல்லிய கீறலாக வெடிக்கும். ஒருநாள் சில்லு பெயர்ந்துவிடும். ஒரு கத்தரிக்கோலைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் செலவு அத்துடன் முடிந்தது.

பல் இடுக்கில் ஏதாவது மாட்டினால் ஊக்கு, குண்டூசி, தீக்குச்சி என்று கையில் கிடைத்ததால் குத்துகிறோம். ஈறு புண்ணாகிச் சீழ் வைக்க இது போதும். பல் இடுக்குக்கென்றே நூலும், சிறு பிரஷும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் பழக்கத்தையும் விட்டுவிட்டு, ஈரப் பஞ்சு வைத்துக்கொள்வது நல்லது. பல ஊர் அழுக்கு நம் வாய்க்குள் போகாமல் இருக்கும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை

கல்லாவில் உட்கார்ந்தபடி வெற்றிலை போடுவது நம் பெரியவர்கள் காலத்துப் பழக்கம். கலியாணத்தில் தாம்பூலம் போடுவதைப் பற்றி நான் பேசவில்லை. நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதைப் பற்றியே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கு மெல்வது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 'புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு நல்லது' என்று இனிச் சொல்லிக்கொள்ள முடியாது. பாக்கு இடைவிடாமல் மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகி, வாய் திறப்பதே சுருங்கிவிடும். காரம் பட்டால் எரியும். நம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட முடிகிறதா என்று இன்றே பாருங்கள். முடியாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ தோன்றும் திட்டு, காரணமில்லாத மரமரப்பு இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போடக்கூடாது. வாய்ப் புற்றை ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்த நல்ல வாய்ப்புண்டு. வலிக்கவில்லையே என்று இருந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

குச்சியா, பொடியா, பேஸ்டா?

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று முன்னோர் சொன்னது வீண் பேச்சல்ல. குச்சி முனையை நன்றாக மென்று பூப்போல ஆக்கி, மெதுவாகத் தேய்த்தால் படலம் நீங்கும். முரட்டுக் குச்சியால் ஈறைக் கீறிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். ஆனால் கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்துக்குக் குச்சி எட்டுவது கடினம். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் அதில் கிடைக்காது.

சாம்பல், செங்கல் தூள், ஆற்று மணல், உப்புக்கல் இவற்றால் தேய்த்தால் பல் வெள்ளையாவது உண்மை. எனாமல் தேய்ந்து போவதும் உண்மை. ஈறோரத்தில் பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும்.

ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் சொத்தையைக் குறைக்கிறது என்பது உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன் அளவு டியூபின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர்களுக்கு ஆயிரம் பி.பி.எம். அளவில் இருப்பது நல்லது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்க வேண்டியதில்லை. குழந்தைகள் அதை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சினால் பல்லில் பழுப்புக் கறை விழும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து மக்கள் பட்ட பாட்டை அறிவோம்; அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

துலக்கும் முறை

மிருதுவான தூவிகள் உள்ள பிரஷ் வாங்குங்கள். அதைச் சற்றுச் சாய்த்து, பாதி பல்லிலும் பாதி ஈறோரத்திலும் படும்படி வைத்து, சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றும் வேண்டும். கீழ்வரிசை முன்பல்லின் உட்பக்கத்தை எல்லோரும் விட்டு விடுகிறோம். காரை அதிகம் கட்டுவது அங்கேதான். மொத்தம் இரண்டு நிமிடம். பாத்திரம் விளக்குவதுபோல் அழுத்தித் தேய்ப்பதால் பயனில்லை. ஈறு கீழே இறங்கும்.

முடிவில் நுரையைத் துப்பினால் போதும். செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். நாக்கையும் மெதுவாக வழித்துவிடுங்கள். தூவி விரிந்துவிட்டாலோ, மூன்று மாதம் ஆனாலோ பிரஷை மாற்றுங்கள். எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் குடித்த உடனே துலக்க வேண்டாம், அரைமணி பொறுங்கள். பல் செட் வைத்திருக்கும் பெரியவர்கள் இரவில் அதைக் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

சில தவறான நம்பிக்கைகள்

'பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்' என்பார்கள். நானும் நம்பியவன். காரைதான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதை எடுத்ததும், ஏற்கெனவே ஆடிய பல் ஆடுவது தெரிகிறது. சுத்தம் செய்ததால் ஆடவில்லை.

'மேல்பல் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்' என்பதும் தவறு. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

'பல்லில் புழு இருக்கிறது' என்று கண்டங்கத்திரி விதைப் புகை பிடிப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். பல்லில் புழு என்ற எண்ணம் உலகம் முழுவதும் இருந்தது. பிரான்ஸ் நாட்டுப் பியேர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் 1728-இல் எழுதிய நூலிலேயே அதை மறுத்து, இனிப்பைக் காரணமாகக் காட்டினார். கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும். டாக்டரிடம் போகும்வரை தாங்க உதவும். ஓட்டையை அது அடைக்காது. வலி மாத்திரையைப் பல்லருகே ஈறில் அடக்கி வைப்பவர்களும் உண்டு. அது ஈறை வேகவைத்துவிடும்.

'பால் பல்தானே, விழத்தானே போகிறது' என்று குழந்தைகளின் சொத்தையை விட்டுவிடக் கூடாது. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று எண்ணி விடுகிறோம். அது ஆயுளுக்கும் நிலைக்க வேண்டிய பல். போனால் மறுபடி முளைக்காது.

விற்பவர்கள் என்ற முறையில்

ஊரார் வாய்க்குப் போகும் பொருள்கள் நம் கடை வழியாகவே போகின்றன. ஆகவே சிலவற்றை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புகையிலை கலந்த பல்பொடி, பேஸ்ட் ஆகியவற்றை மத்திய அரசு 1992 ஏப்ரலில் தடை செய்தது. அத்தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் மூக்குப்பொடியை ஈறில் தேய்க்கும் வழக்கம் கிராமத்து வயதான பெண்களிடம் இன்றும் இருக்கிறது. கேட்டு வாங்க வரும் ஆச்சியிடம் கெடுதலை ஒரு வார்த்தை சொல்லலாம். குட்கா, பான் மசாலா வகைகள் தமிழ்நாட்டில் 2013-இல் தடை செய்யப்பட்டு, அத்தடை நீட்டிக்கப்பட்டு வந்துள்ளது. சிறு லாபத்துக்காக வைத்து, கடைக்கு சீல் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பேஸ்ட், பிரஷ், பல்பொடி மூன்றுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்குமுன் பேஸ்டுக்கும் பிரஷுக்கும் 18, பல்பொடிக்கு 12 என்று இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கண்ணுக்கு நேரே தொங்கும் மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்தில், சிறிய பிரஷ்களையும் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரஷும் விற்கும்.

தினசரி கடைப்பிடிக்க வேண்டியவை

1. காலையில் ஒருமுறை, இரவுச் சாப்பாட்டுக்குப்பின் ஒருமுறை துலக்குங்கள். இரவு துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

2. டீயைக் குறையுங்கள், அல்லது சர்க்கரையைக் குறையுங்கள். குடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள்.

3. சரக்கு ருசி பார்ப்பதைக் கொள்முதல் நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. பல்லைக் கத்தரிக்கோலாகவும் ஊக்கைப் பல்குச்சியாகவும் பயன்படுத்தாதீர்கள்.

5. வாரம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் மூன்றையும் பாருங்கள்.

6. வலி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாகச் சொன்னது நமக்குக் கைவராத ஒன்று. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோமே, அந்த வாரத்திலேயே பல்லையும் காட்டிவிடலாம். நம் பகுதிக்காரர்களுக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அண்ணாமலைநகரில் 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது; இப்போது அது மாநில அரசின் சுகாதாரத் துறையின்கீழ் இருக்கிறது. புவனகிரி, சேத்தியாத்தோப்பு, கீரப்பாளையம் எங்கிருந்தும் சிதம்பரத்துக்கு பஸ் உண்டு. சரக்கு எடுக்க எப்படியும் சிதம்பரம் போகிறோம். சீட்டுப் போடக் காலையிலேயே போய்விட்டால் மதியத்துக்குள் கடைக்குத் திரும்பிவிடலாம்.

நான் இழந்த இரண்டு பற்களுக்குப் பதில் செட் கட்டிக்கொண்டேன். பேச்சு சரியாகிவிட்டது, ஆனால் கடலை உருண்டையைக் கடிக்கத் துணிவு வரவில்லை. இப்போது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் பேரன் பிரஷை எடுத்து வந்து, "தாத்தா, ஷட்டர் போடணும்" என்று நீட்டுகிறான். உங்கள் வீட்டிலும் இன்றிரவே ஆரம்பியுங்கள்.